கோடை மூடுபனியும் எச் ஈக்வேஷனும்: நான்லீனியர் இன்டெக்ரல் ஈக்வேஷனை வேகமா சால்வ் பண்ண முழு வழிகாட்டி

கோடைக்கானல்ல மேகம் எறங்கிருச்சுன்னா பத்தடி தள்ளி நிக்குற யூகலிப்டஸ் மரம் கூட தெரியாது, ஆனா இருட்டாவும் இருக்காது, சுத்தி எல்லாமே ஒரே வெள்ளையா நிக்கும். வெளிச்சம் எங்கயும் காணாமப் போகல, ஒரு துளில பட்டு செதறி அடுத்த துளில பட்டு மறுபடி செதறிக்கிட்டே இருக்கு, துளி அதை உறிஞ்சறது ரொம்ப ரொம்ப கம்மி. இந்த மாதிரி திரும்பத் திரும்ப செதறுற வெளிச்சத்தோட கணக்குல இருந்துதான் நான் இன்னைக்கு சொல்லப்போற ஈக்வேஷனே வருது. அதை நம்ம சந்திரசேகர் நட்சத்திரங்களோட வளிமண்டலத்துக்காக எடுத்துக்கிட்டாரு, சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்சு 1930ல கேம்பிரிட்ஜ் கெளம்பி 1983ல நோபல் வாங்குன அதே சுப்ரமணியன் சந்திரசேகர்தான். 1899ல இங்க மலை உச்சில சூரிய ஆய்வகம் வந்து, 1909ல எவர்ஷெட் சூரியப் புள்ளில வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சதும் சூரிய வெளிச்சத்தை அலசித்தான், அதனால கோடைல உக்காந்து இந்த ஈக்வேஷனைப் பத்தி எழுதுறது எனக்கு ரொம்ப பொருத்தமா படுது.

நான்லீனியர் இன்டெக்ரல் ஈக்வேஷன்னு தேடுனா மெத்தட் பேரா கொட்டும், எதை எப்ப எடுக்கணும்னு சொல்றவங்க கம்மி. என்னோட அனுபவத்துல, வேகமான மெத்தட் தேடி ஓடுறதுக்கு முன்னாடி ஈக்வேஷனை எந்த ரூபத்துல எழுதியிருக்கோம்னு பாக்கணும், பாதி வேகம் அங்கதான் இருக்கு. அதை ஒரே ஒரு ஈக்வேஷனை வச்சு கடைசி வரைக்கும் காட்டுறேன். பைத்தான்ல நம்பை, சைபைன்னு ரெண்டு கணக்கு லைப்ரரி தெரிஞ்சா போதும், மொதல் பாதிக்கு கால்குலேட்டரே போதும்.

படி 1: ஈக்வேஷனை அடையாளம் காணுங்க

தெரியாத ஃபங்ஷன் இன்டெக்ரலுக்குள்ள மாட்டியிருக்கும், அதுவும் நேரா இல்லாம வர்க்கமாவோ எக்ஸ்பொனென்ஷியலாவோ பெருக்கலாவோ இருக்கும், அதான் நான்லீனியர். இன்டெக்ரலோட எல்லை ரெண்டும் நிலையா இருந்தா ஃப்ரெட்ஹோம் வகை, மேல் எல்லை மாறிக்கிட்டே வந்தா வோல்டெரா வகை. கெர்னல் (தெரியாத ஃபங்ஷனோட சேந்து இன்டெக்ரலுக்குள்ள நிக்குற, நமக்குத் தெரிஞ்ச ஃபங்ஷன்) தனியா, நான்லீனியர் பகுதி தனியா பிரிஞ்சு பெருக்கலா நின்னா ஹாமர்ஸ்டைன், ரெண்டும் பிரிக்கவே முடியாம கலந்து கெடந்தா யூரிசான். வோல்டெரா வந்தா சந்தோஷப்படுங்க, இடமிருந்து வலமா ஒவ்வொரு புள்ளியா நடந்து போயிடலாம். ஃப்ரெட்ஹோம்ல எல்லாப் புள்ளியும் எல்லாப் புள்ளியோடயும் கட்டிப்போட்டிருக்கும், ஒட்டுமொத்தமா தான் அவுக்கணும். நம்ம ஈக்வேஷன் ஃப்ரெட்ஹோம்:

எச்(ம) = 1 ÷ [ 1 − (சி/2) ∫ ம/(ம+ந) · எச்(ந) ]

எச்-ங்கிறதுதான் நாம தேடுற ஃபங்ஷன், அதனாலதான் இதுக்கு எச் ஈக்வேஷன்னு பேர். இன்டெக்ரல் எப்பவும் ந மேல, 0லருந்து 1 வரைக்கும். ம-ங்கிறது வெளிச்சம் போற திசைக்கும் செங்குத்துக்கும் நடுவுல இருக்குற கோணத்தோட கொசைன். சி-ங்கிறது ஒரு தடவை துளில பட்டா எவ்வளவு பங்கு உறிஞ்சப்படாம செதறுதுன்னு சொல்ற எண், 0க்கும் 1க்கும் நடுவுல. மூடுபனி மாதிரி வெள்ளையான எதுக்கும் சி கிட்டத்தட்ட 1, கஷ்டமும் அங்கதான் வருது, அதைப் பின்னாடி பாப்போம். ஒண்ணு சொல்லிடணும், நெஜ பனித்துளி வெளிச்சத்தை முன்பக்கமா தான் அதிகமா தள்ளும், இந்த ஈக்வேஷன் எல்லாத் திசைலயும் சமமா செதறுது, அடுக்குக்கு அடியே இல்லன்னு வச்சுக்குது, அதனால கோடைக்கானல் கோக்கர்ஸ் வாக் மூடுபனிக்கு இதை அப்படியே போட்டு பதில் எதிர்பாக்காதீங்க. கணக்கு முறையைக் கத்துக்க இதைவிட நல்ல ஈக்வேஷன் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

படி 2: இன்டெக்ரலைக் கூட்டலாக்குங்க

1930ல நைஸ்ட்ரோம் காட்டுன வழி இன்னைக்கும் மொதல் தேர்வு. சில புள்ளி எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எடை குடுத்து, இன்டெக்ரலுக்குப் பதிலா எடை போட்ட கூட்டலை எழுதுறோம், ஈக்வேஷனும் அதே புள்ளிங்கள்ல மட்டும் நெறவேறணும்னு கேக்குறோம். எத்தனை புள்ளியோ அத்தனை தெரியாத எண், அத்தனை சாதாரண ஈக்வேஷன். புள்ளிக்கு காஸ்-லெஜாண்டர் எடுங்க, நம்பைல ரெடியாவே இருக்கு, ஆனா அது −1லருந்து 1 வரைக்கும் தரும், 0லருந்து 1க்கு மாத்தும்போது எடையைப் பாதியாக்க மறந்துடாதீங்க.

இப்ப ஒரே ஒரு புள்ளி மட்டும் எடுத்துப் பாருங்க. ம-வும் ந-வும் ஒண்ணுங்கிறதால ம/(ம+ந) அரை ஆயிடும், ஈக்வேஷன் சுருங்கி இப்படி வந்து நிக்கும்:

எச் = 1 + (சி/4) · எச்²

வெறும் குவாட்ராடிக்! சி = 0.9க்கு ரெண்டு விடை, 1.5195 ஒண்ணு, 2.925 ஒண்ணு, சின்னதுதான் இயற்பியலுக்கு வேணுங்கிற விடை. சி = 1 ஆனா ரெண்டும் 2ல வந்து ஒட்டிக்கும். பெரிய ஈக்வேஷன்ல வர்ற எல்லா சிக்கலும் இந்தச் சின்ன ஈக்வேஷனுக்குள்ளயே இருக்கு, அதனால எந்த மெத்தட் எழுதினாலும் மொதல்ல இதுல ஓட்டிப் பாக்குறது என்னோட வழக்கம்.

படி 3: பிக்கார்ட், மெதுவா ஆனா நம்பி ஏறலாம்

ஒரு ஊகத்தை வலது பக்கம் போடுங்க, வர்றதை மறுபடி வலது பக்கம் போடுங்க, அவ்ளோதான் பிக்கார்ட் முறை. ரெண்டு காஸ் புள்ளி, 0.2113, 0.7887, ஆளுக்கு அரை எடை, சி = 0.9, ரெண்டுக்கும் 1ல ஆரம்பிக்கிறேன். மொதல் சுத்துல 1.1905, 1.4084. ரெண்டாவது 1.2514, 1.5866. மூணாவது 1.2759, 1.6682. நாலாவது 1.2868, 1.7067.

சராசரி எங்க போய் நிக்கணும்னு நமக்கு முன்னாடியே தெரியும், 1.5195, ஏன்னு செக் பண்ற எடத்துல சொல்றேன். நாலு சுத்துல பாக்கி தூரம் 0.220, 0.100, 0.047, 0.023. ஒவ்வொரு தடவையும் பாதியைவிடக் கொஞ்சம் அதிகமா குறையுது. பத்து இலக்கம் வேணும்னா முப்பது சுத்துக்கு மேல ஆகும், கம்ப்யூட்டருக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனா சி 0.9999 ஆகட்டும், ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு மூணு சதவீதம் தான் நகரும், நூத்துக்கணக்குல சுத்தணும். சி = 1ல இன்னும் மோசம், கிட்டப் போகப் போக நடையே நின்னுடுற மாதிரி ஆயிடும், அடுத்தடுத்த ரெண்டு சுத்துக்கும் வித்தியாசம் சின்னதா இருக்கேன்னு நிறுத்திட்டீங்கன்னா விடை இன்னும் தூரத்துல இருக்கும்.

படி 4: நியூட்டன், அதோட பலமும் அது தடுக்கி விழுற இடமும்

நியூட்டன் முறையை ஃபங்ஷன் வெளிக்கு எடுத்துட்டு வந்து எப்ப கன்வெர்ஜ் ஆகும், அதாவது ஒரு விடைல போய் நிக்கும்னு 1948ல கட்டியமைச்சவரு கான்டரோவிச், அதனால நியூட்டன்-கான்டரோவிச்னு சொல்றோம். ஒவ்வொரு சுத்துலயும் ஈக்வேஷனை நேர்கோடாக்கி ஒரு லீனியர் சிஸ்டம் சால்வ் பண்ணணும். ஒரு புள்ளி ஈக்வேஷன்ல சி = 0.9க்கு 1ல ஆரம்பிச்சா 1.4091, 1.5120, 1.519454, அடுத்த சுத்துல ஒன்பதாவது இலக்கத்துல தான் பிழை நிக்கும். பாக்கி தூரத்தைப் பாருங்க, 0.11, 0.0075, 0.00004, 0.000000001. சரியான இலக்கம் ஒவ்வொரு தடவையும் ரெண்டு மடங்காகுது.

ஆனா ரெண்டு விஷயத்துல கவனமா இருக்கணும். ஒண்ணு, 3ல ஆரம்பிச்சா அது 2.9286க்குப் போயி தப்பான விடைல போய் ஒட்டிக்கும், கன்வெர்ஜ் ஆயிடுச்சுன்னும் சொல்லும். இன்னொண்ணு, சி = 1. அங்க 1லருந்து 1.5, 1.75, 1.875ன்னு பாதிப் பாதியா தான் போகும், ஏன்னா ரெண்டு விடை ஒட்டிக்கிட்ட இடத்துல சரிவு பூஜ்யம், ஜேக்கோபியன் மேட்ரிக்ஸ் (அந்தச் சரிவுங்களோட அட்டவணை) சிங்குலர், அதாவது அதை வச்சு லீனியர் சிஸ்டத்தை ஒழுங்கா சால்வ் பண்ண முடியாது. அடியை ரெண்டு மடங்காக்குனா இந்தச் சின்ன ஈக்வேஷன்ல ஒரே தாவுல 2 வந்துரும், ஆனா சி 0.9999ன்னு இருந்தா ரெண்டு மடங்கா ஒரு மடங்கான்னு எப்ப மாத்துறது? அது சரிப்பட்டு வராது.

படி 5: ரூபத்தை மாத்துங்க

இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன், இந்த இடத்தை மட்டும் நிதானமா படிங்க.

எச்-சோட மொத்த இன்டெக்ரல் எவ்வளவுன்னு ஈக்வேஷனை சால்வ் பண்ணாமலே கண்டுபிடிக்கலாம். மொதல் ஈக்வேஷனை பெருக்கல் ரூபத்துல எழுதி ரெண்டு பக்கமும் இன்டெக்ரேட் பண்ணுங்க, ம/(ம+ந), ந/(ம+ந) ரெண்டையும் கூட்டுனா 1ங்கிறதால மொத்தமும் சுருங்கி, மொத்தம் = 1 + (சி/4) × மொத்தத்தோட வர்க்கம்னு வந்துரும். அதே குவாட்ராடிக்! அதனால மொத்தம் = (2/சி)(1 − √(1−சி)). இப்ப √(1−சி)க்கு கா-ன்னு பேர் வைப்போம். ம/(ம+ந)ங்கிறதை 1 − ந/(ம+ந)ன்னு மாத்திப் போட்டா மொதல் ஈக்வேஷன் இப்படி ஆகும்:

1/எச்(ம) = கா + (சி/2) ∫ ந/(ம+ந) · எச்(ந)

விடை அதேதான், ஆனா குணம் தலைகீழா மாறிருச்சு. கா-வுக்கு முன்னாடி பிளஸ் போட்ட அந்த நிமிஷமே சரியான விடையைத் தேர்ந்தெடுத்துட்டோம், 2.925 கூட்டம் வெளிய போயிருச்சு. கழித்தல் இல்லாததால எல்லாமே பாசிட்டிவ் எண், இலக்கம் அடிபட்டுப் போற பயமும் இல்ல.

இப்ப இதுல பிக்கார்ட் ஓட்டுனா என்ன ஆகும்? சி = 1ல ஒரு புள்ளி ஈக்வேஷன் எச் = 4/எச் ஆகும், 1 போட்டா 4, 4 போட்டா 1, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும், ஆடட்டும். பழசையும் புதுசையும் சராசரி எடுங்க: 2.5, 2.05, 2.0006, 2.0000001. சிங்குலர்னு நியூட்டன் தெணறுன அதே இடம்! வர்க்கமூலம் கண்டுபிடிக்கிற பழைய முறையேதான் இது.

நெறைய புள்ளி போட்டாலும் இது நிக்கும், காரணத்தோட சொல்றேன். ந/(ம+ந) கெர்னலை எடை போட்டு சமச்சீர் ஆக்கலாம், 1/(ம+ந)ங்கிறது பாசிட்டிவ் டெஃபினிட் (அதோட ஐகன்வேல்யூ எல்லாம் பாசிட்டிவ்), அதனால விடைக்குப் பக்கத்துல இட்டரேஷனோட ஐகன்வேல்யூ, அதாவது ஒரு சுத்துல பிழை எத்தனை மடங்காகுதுன்னு சொல்ற எண், எல்லாம் −1க்கும் 0க்கும் நடுவுல தான் விழும், சி = 1 ஆனா மட்டும் ஒண்ணு சரியா −1ல உக்காரும். சராசரி எடுத்ததும் எல்லாம் 0லருந்து 1/2க்குள்ள வந்துரும். அதாவது சி என்னவா இருந்தாலும் கடைசி நடைல ஒவ்வொரு சுத்துலயும் பிழை பாதியாவது குறையும். மேட்ரிக்ஸ் சால்வ் கெடையாது, டெரிவேடிவ் கெடையாது, பைத்தான்ல நாலு வரி.

இதே ரூபத்துல நியூட்டன் போட்டீங்கன்னா இன்னும் நல்லது, ஜேக்கோபியனோட ஐகன்வேல்யூ (எச்-சால பெருக்கி சமன் பண்ணுன பிறகு) 1க்கும் 2க்கும் நடுவுல அடங்கிரும், சி = 1ல கூட சிங்குலர் கெடையாது. எழுத வேண்டியது: எச்(ம) × [வலது பக்கம்] − 1 = 0. ஆரம்ப ஊகத்துக்கு ப்ரூஸ் ஹாப்கேயோட தோராயம் இருக்கு, (1 + 2ம) ÷ (1 + 2ம·கா). சி = 1, ம = 1ல அது 3 தரும், சரியான மதிப்பு 2.9078, மூணு சதவீதம் தான் தள்ளி.

படி 6: 0க்குப் பக்கத்துல புள்ளி

காஸ் புள்ளி அதிகமாக்க அதிகமாக்க பிழை படுவேகமா விழணும், இங்க எதிர்பாத்த வேகத்துல விழாது. காரணம், எச் ம = 0ல 1தான், ஆனா அங்க அதோட சரிவு முடிவிலி, ம × லாக் ம மாதிரி ஒரு பகுதி உள்ள ஒளிஞ்சிருக்கு. காஸ் முறை வழவழப்பான ஃபங்ஷனுக்குத்தான் முழு பலத்தைக் காட்டும். வைத்தியம் சுலபம், ம = ட² இல்ல ட³ன்னு மாத்தி, ட-வுல காஸ் புள்ளி எடுங்க, எடையை 2ட (இல்ல 3ட²) ஆல பெருக்குங்க. புள்ளி எல்லாம் 0 பக்கம் நெருங்கி உக்காந்துரும். எத்தனை புள்ளி போதும்னு யாரையும் கேக்காதீங்க, 8, 16, 32ன்னு ரெண்டு மடங்காக்கி விடையோட எந்த இலக்கம் மாறாம நிக்குதுன்னு நீங்களே பாருங்க.

புள்ளிக்கு நடுவுல மதிப்பு வேணும்னா ஸ்ப்லைன் (புள்ளிங்களை வளைகோட்டால இணைக்கிறது) வேண்டாம், ரெண்டாவது ஈக்வேஷனோட வலது பக்கத்துல தெரிஞ்ச எச் மதிப்பைப் போட்டு எந்த ம-வுக்கும் நேரா எடுத்துக்கலாம், நைஸ்ட்ரோம் முறையோட பெரிய சௌகரியம் இது.

படி 7: ரூபத்தை மாத்த முடியலன்னா ஆண்டர்சன்

எல்லா ஈக்வேஷனுக்கும் இப்படி ஒரு அடையாளம் கெடைக்காது. யூரிசான் வகைல வலது பக்கமே ஒரு பெரிய புரோகிராமா இருக்கும், உள்ள கைவைக்கவே முடியாது. அங்க 1965ல டொனால்ட் ஆண்டர்சன் குடுத்த முறையை எடுங்க, இன்னைக்கு எல்லாத் துறைலயும் ஓடுற அந்த முறை பொறந்ததே நான்லீனியர் இன்டெக்ரல் ஈக்வேஷனுக்காகத்தான். கடைசி மூணுலருந்து அஞ்சு சுத்தை ஞாபகம் வச்சுக்கணும், ஒவ்வொண்ணுலயும் போட்டதுக்கும் வந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, எந்தக் கலவைல (பங்கு மொத்தம் 1) அந்த வித்தியாசம் ரொம்பச் சின்னதாகும்னு லீஸ்ட் ஸ்கொயர்ஸ்ல கண்டுபிடிச்சு, அதே கலவைல வெளிவந்ததைக் கலந்தா அடுத்த ஊகம். ஒரு சுத்துக்கு ஒரே ஒரு தடவை தான் வலது பக்கத்தைக் கணக்கு பண்ணணும். ஞாபகத்தை இருபது சுத்துன்னு நீட்டாதீங்க, பழைய வித்தியாசமெல்லாம் ஒரே திசைல படுத்து லீஸ்ட் ஸ்கொயர்ஸ் கெட்டுப்போயிரும். சைபைல ஆண்டர்சனும் நியூட்டன்-க்ரைலோவும் (மேட்ரிக்ஸைக் கட்டாம ஓடுற நியூட்டன்) ரெடியா இருக்கு.

படி 8: புள்ளி ஆயிரக்கணக்குல போனா

32 புள்ளிக்கு நியூட்டனோட ஒரு லீனியர் சால்வ் பதினோராயிரம் பெருக்கல் அளவு தான், கண்ணிமைக்கிற நேரம் கூட இல்ல. ரெண்டு மூணு பரிமாண இன்டெக்ரல் வந்து 10,000 புள்ளி ஆச்சுன்னா மேட்ரிக்ஸ்க்கே 800 மெகாபைட், ஒரு சால்வுக்கு 33,000 கோடி பெருக்கல். அப்ப மேட்ரிக்ஸைக் கட்டவே கூடாது.

1986ல சாதும் ஷுல்ட்ஸும் லீனியர் சிஸ்டம் சால்வ் பண்ண குடுத்த ஜிஎம்ரெஸ் முறைக்கு மேட்ரிக்ஸ் வேண்டாம், மேட்ரிக்ஸை வெக்டாரோட பெருக்குனா என்ன வரும்னு சொன்னா போதும். இன்டெக்ரல் ஈக்வேஷனுக்கு இது ரொம்ப பொருந்தும், ஏன்னா இரண்டாம் வகை ஈக்வேஷன்ல (தெரியாத ஃபங்ஷன் இன்டெக்ரலுக்கு வெளியயும் நிக்கிறது) ஐகன்வேல்யூ எல்லாம் 1ஐச் சுத்திக் கூட்டமா நிக்கும், புள்ளியை ஏத்துனாலும் ஜிஎம்ரெஸ் சுத்து ஏறாது. நம்ம ரெண்டாவது ரூபத்துல 1லருந்து 2க்குள்ளயே அடங்கிட்டதால கைவிரல் எண்ணிக்கைல முடிஞ்சிரும்.

மிச்சம் அந்தப் பெருக்கலை வேகமாக்குறது தான். கெர்னல் ரெண்டு மாறியோட வித்தியாசத்தை மட்டும் பொறுத்து, புள்ளியும் சம இடைவெளில இருந்தா எஃப்எஃப்டி (ஃபாஸ்ட் ஃபூரியர் ட்ரான்ஸ்ஃபார்ம்) போடலாம், 10,000 × 10,000 வேலை சில லட்சத்துல முடிஞ்சிரும். நம்ம கெர்னல் வித்தியாசத்துல இல்லையேன்னு விட்டுடாதீங்க, ம/(ம+ந) ரெண்டோட விகிதத்தை மட்டும் தான் பொறுத்தது, அதனால லாகரிதத்துல சம இடைவெளியா புள்ளி வச்சா விகிதம் வித்தியாசமாயிரும், எஃப்எஃப்டி உள்ள வந்துரும், போனஸா புள்ளியும் 0 பக்கம் தானா நெருங்கும். இப்படி எதுவும் அமையலன்னா 1987ல கிரீன்கார்டும் ரொக்லினும் குடுத்த ஃபாஸ்ட் மல்டிபோல் இருக்கு, தூரத்துப் புள்ளிங்களைக் கூட்டமா சேத்து ஒரே மூட்டையா கணக்கு பண்றது, ஆனா அதை நீங்களா எழுத உக்காராதீங்க, நல்ல லைப்ரரி எடுத்துக்குங்க.

படி 9: செக் பண்றது

இதுல நான் நேரா அடிபட்டிருக்கேன். ஒரு ஜூலை மாசம், மூணு நாளா மேகம் விலகவே இல்ல, கரண்டும் போய்ப் போய் வந்துச்சு, லேப்டாப் பேட்டரில சி = 0.9க்கு ஓட்டி மொத்த இன்டெக்ரலைப் பாத்தேன், 1.519494, ஃபார்முலா சொன்ன அதே எண், பத்து இலக்கம் பொருந்துச்சு. சரியாப் போச்சுன்னு அதை வச்சு மேல கணக்கு பண்ணிக்கிட்டே போனேன், சாய்வா வர்ற வெளிச்சம் நேரா வர்றதைவிட அதிகமா திரும்புதுன்னு வந்துச்சு. கடைசில படம் வரைஞ்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது, எச் 0ல 3.16ன்னு ஆரம்பிச்சு எறங்கிக்கிட்டு போகுது, 1ல ஆரம்பிச்சு ஏறணும். மொதல் ரூபத்துல இண்டெக்ஸை மாத்திப் போட்டு ம-வுக்குப் பதிலா ந-வை மேல வச்சிருக்கேன்.

அப்ப மொத்தம் எப்படிப் பொருந்துச்சு? படி 5ல அந்தக் குவாட்ராடிக் எப்படி வந்துச்சுன்னு திரும்பப் பாருங்க, ம/(ம+ந), ந/(ம+ந) ரெண்டும் சேந்து 1ங்கிறதை மட்டும் தான் பயன்படுத்துனோம், மாத்திப் போட்டாலும் அதே தான் வரும். அது மட்டும் இல்ல, எடையோட கூட்டுத்தொகை 1ஆ இருந்தா ரெண்டே புள்ளி போட்டாலும் மொத்தம் அச்சு அசலா பொருந்தும், படி 3ல நான் முன்னாடியே 1.5195ன்னு சொன்னது அதனாலதான். ஆக அந்த செக் இட்டரேஷன் முடிஞ்சுதான்னு மட்டும் சொல்லும், புள்ளி போதுமான்னும் சொல்லாது, கெர்னல் சரியான்னும் சொல்லாது.

அதுக்கப்புறம் நான் இந்த வரிசைல பாக்குறேன். மொத்தம் பொருந்துதா. 0க்கு மிகப் பக்கத்துல எச் 1ஐ நெருங்குதா, ம ஏற ஏற ஏறுதா. புள்ளியை ரெண்டு மடங்காக்குனா எத்தனை இலக்கம் மாறாம நிக்குது. கடைசியா சி = 1 போட்டு, ம = 1ல 2.9078 வருதான்னு பாக்குறேன். மொதல் ரூபத்துல எழுதுனதை சி = 1க்கு நம்பவே நம்பாதீங்க, ரெண்டாவது ரூபத்துல கா-வை பூஜ்யமாக்கி, ஹாப்கே தோராயத்துல ஆரம்பிச்சு, சராசரி எடுத்து ஓட்டுங்க, முப்பது நாப்பது சுத்துக்குள்ள அந்த நாலு இலக்கமும் வந்து நின்னுடும்.